சாவி ஒருவர் கையில்: பொது நூலகப் பணியும் தலைமையும்

பொது நூலகத்தில் வேலை பார்ப்பவருக்கு அதிகாரம் மிகக் குறைவு. ஆசிரியர் கையில் மதிப்பெண் இருக்கிறது. மேலாளர் கையில் சம்பள உயர்வு இருக்கிறது. நூலகர் கையில் இருப்பது ஒரு சாவிக்கொத்தும் சில பதிவேடுகளும்தான். அவர் முன்னால் வந்து நிற்பவரை யாரும் கட்டாயப்படுத்தி அனுப்பவில்லை. இடம் பிடித்திருந்தால் நாளையும் வருவார். பிடிக்காவிட்டால் சொல்லாமலே நின்றுவிடுவார். ஏன் வரவில்லை என்று கேட்டு ஓலை அனுப்ப முடியாது. உத்தரவு போட முடியாத இடத்தில் பலரைக் கூட்டி வைத்து ஒரு காரியத்தை நடத்துவது எப்படி என்பதே தலைமைப் பாடத்தின் கடினமான பகுதி. நூலகப் பணி தொடங்குவதே அந்தப் பகுதியிலிருந்துதான்.

தமிழ்நாட்டில் இந்தப் பாடம் நடக்கும் இடம் பெரும்பாலும் ஒரு கிளை நூலகம் அல்லது ஊர்ப்புற நூலகம். பல ஊர்களில் அங்கே இருப்பவர் ஒரே ஆள். பூட்டைத் திறப்பதும், நாளிதழ்களை மேசையில் பரப்புவதும், புத்தகம் வழங்கித் திரும்ப வாங்குவதும், ரசீது போடுவதும், மின்விசிறி நின்றுபோனால் எலக்ட்ரீசியனைத் தேடுவதும் அவரே. ஏவுவதற்குக் கீழே ஆளில்லை. கேட்பதற்கு மேலே இருக்கும் மாவட்ட நூலக அலுவலகமோ பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இவரைப் போய்த் தலைவர் என்பதா என்று நேயர்களுக்குச் சிரிப்பு வரலாம். இந்தத் துறையின் முன்னோடியே முதல் வாரத்தில் ஓடிப்போகப் பார்த்தவர் என்று தெரிந்தால் அந்தச் சிரிப்பு சற்று அடங்கும்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதம் படித்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இளமையில் திக்குவாய் இருந்தும் வகுப்பறையை விரும்பியவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். எந்நேரமும் மாணவர்கள் சூழ்ந்திருந்த மனிதருக்கு அங்கே பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. சில நாட்களிலேயே சலித்துப்போய், தம்மைக் கல்லூரிக்கே திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். ஒரு உடன்பாடு ஏற்பட்டது. இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்றுத் திரும்பட்டும். அதன் பிறகும் பிடிக்காவிட்டால் பழைய வேலை அவருக்கு உண்டு.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ். பாடம் சொல்வதோடு நிற்காமல், குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைமை நூலகராகவும் இருந்தவர் அவர். ரங்கநாதன் புத்தகத்தில் படித்ததைவிட நூலகம் நூலகமாகப் போய்ப் பார்த்தது அதிகம். குழந்தைகளும் தொழிலாளிகளும் இல்லத்தரசிகளும் ஒரே கூரையின் கீழ் தங்களுக்கு வேண்டியதை எடுத்துப்போவதை அங்கே கண்டார். செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோதுதான், சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டிப் பல உருவங்கள் செய்வதுபோல் நூல்களையும் பகுக்கலாம் என்ற யோசனை அவருக்கு வந்தது. அதுவே 1933இல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது. அந்தக் கதை தனியாக ஒரு உரைக்கு ஆகும். இங்கே வேண்டியது வேறொன்று. 1925இல் சென்னை திரும்பியவர் பழைய வேலையைக் கேட்கவே இல்லை.

திரும்பி வந்து அவர் செய்தவற்றில் தலைமையைப் பற்றி அதிகம் சொல்வது திறந்த அலமாரி முறை. அதற்கு முன் வாசகர் சீட்டில் எழுதிக் கொடுப்பார். பணியாளர் உள்ளே போய்த் தேடி எடுத்து வருவார். எழுதியது ஒன்று, வந்தது ஒன்று என்றால் மறுபடியும் சீட்டு, மறுபடியும் காத்திருப்பு. வாசகரை அலமாரிக்கே போகவிடலாம் என்றால் உடனே மூன்று ஆட்சேபணைகள் எழும். திருடுவார்கள், கிழிப்பார்கள், எடுத்த இடத்தில் வைக்கமாட்டார்கள். மூன்றும் பொய்யான பயங்கள் அல்ல. திறந்துவிட்ட எந்த நூலகத்திலும் சில புத்தகங்கள் காணாமல் போகத்தான் செய்யும். சமையல் புத்தகம் சித்த மருத்துவத்துக்கு நடுவே போய் ஒளிந்துகொள்ளும். ஆனாலும் அலமாரிகள் திறந்தன. கலைந்ததை ஒழுங்குபடுத்தும் வேலை அன்றாடப் பணிகளில் ஒன்றாகச் சேர்ந்தது.

நம்பிக்கை வைப்பது பெருந்தன்மை என்று மேடைகளில் பேசுவதுண்டு. நூலகத்தில் அது உடலுழைப்பு. நூறு பேரை நம்பி அலமாரியைத் திறந்துவிட்டால், அந்த நூறு பேர் கலைத்ததை மாலையில் யாராவது அடுக்க வேண்டும். திறந்துவிடுவதாக அறிவிப்பவர் ஒருவராகவும் அடுக்குபவர் வேறொருவராகவும் இருந்தால், அறிவித்தவருக்குப் பெயர் கிடைக்கும், அடுக்குபவருக்கு இடுப்புவலி கிடைக்கும். தாமும் நின்று அடுக்குகிற நூலகரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் முகம் சுளிக்காமல் அடுக்குகிறார்கள். சில வாசகர்களும்கூட எடுத்ததைச் சரியான இடத்தில் வைக்கப் பழகிக்கொள்கிறார்கள்.

ரங்கநாதன் நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று மணி நேரம் உழைத்தார், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடுப்பே எடுக்கவில்லை என்பதையும் வியந்து சொல்வார்கள். வியக்கலாம், பின்பற்ற வேண்டியதில்லை. தலைவர் விடுப்பு எடுக்காத அலுவலகத்தில் காய்ச்சல் வந்தவரும் விடுப்புக் கேட்கக் கூசுவார்.

அவரது நூலக அறிவியலின் ஐந்து விதிகள் 1931இல் நூலாக வந்தன. முதல் விதி பிறந்த விதம் சுவையானது. பல ஆண்டு அனுபவத்தைச் சில விதிகளுக்குள் அடக்கப் பார்த்து, 1928இல் ரங்கநாதன் தடுமாறிக்கொண்டிருந்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியர் எட்வர்டு ராஸ் அதைக் கேட்டுவிட்டு, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கே என்ற கருத்தைச் சட்டென்று எடுத்துக் கொடுத்தார். மற்ற நான்கும் அதைத் தொட்டு வந்தன. முதல் விதியைத் தந்தவர் தம் ஆசிரியர் என்பதை ரங்கநாதன் மறைக்கவில்லை. யோசனை யாருடையதோ அவர் பெயரிலேயே அது இருக்கட்டும் என்று விடுவது சிறிய விஷயம்தான். சேர்ந்து வேலை செய்பவர்கள் இதைப் போல் உன்னிப்பாகக் கவனிக்கும் விஷயம் வேறொன்றும் இல்லை.

அந்த முதல் விதி அன்றாட முடிவுகளுக்கும் அளவுகோலாக உதவுகிறது. நூலகத்தை எப்போது திறப்பது? ஊர் ஓய்வாக இருக்கும் நேரத்தில். தமிழ்நாட்டுக் கிளை நூலகங்கள் வெள்ளிக்கிழமை மூடி, ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பதன் காரணம் அதுதான். ஊழியருக்கு வீட்டோடு கழிக்க ஒரு ஞாயிறு போகிறது. கூலி வேலைக்குப் போகிறவருக்குப் படிக்க ஒரு ஞாயிறு கிடைக்கிறது. வர முடியாதவருக்கு என்ன வழி? புத்தகம் போக வேண்டும். 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அரசாணை வரட்டும், கட்டடம் எழும்பட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வண்டி இருந்தது, மாடு இருந்தது, ஊருக்குப் பாதை இருந்தது.

யாழ்ப்பாணத்திலும் தொடக்கம் இப்படித்தான். 1933இல் க.மு. செல்லப்பா தம் வீட்டிலிருந்தே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கியது, ஊரார் கைசேர்த்து யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. அதன் பெரிய கட்டடத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் ரங்கநாதனும் ஒருவர். 1959இல் அந்தக் கட்டடம் திறந்தது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டது. அந்த ஊர் நூலகத்தை மறுபடியும் எழுப்பிக்கொண்டது.

தனி மனிதர்களின் முயற்சிக்குச் சட்டத்தின் முதுகெலும்பு கிடைத்தது 1948இல். ரங்கநாதன் வரைவு தந்து உழைத்த சென்னைப் பொது நூலகச் சட்டம், தி.சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்கும் வழக்கம் அதிலிருந்து வந்தது. இன்று அது ரூபாய்க்கு 10 காசு. இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் வீட்டு வரி கட்டியவர்கள் பழைய ரசீதை எடுத்துப் பார்த்தால் அதில் இந்த வரியும் இருக்கக் காணலாம். உள்ளே வருகிறவர் தயவு கேட்டு வரவில்லை, தம் குடும்பம் வரி கட்டி வைத்திருக்கும் இடத்துக்கு வருகிறார். இதை மறந்த நூலகரின் குரலில் ஒரு அதட்டல் ஏறிவிடும். அதைப் பள்ளிப் பிள்ளைகள் முதல் நாளே கண்டுகொள்வார்கள்.

சட்டம் கட்டடத்தைத் தரும், வரி புத்தகத்தைத் தரும். காலையில் மேசையைச் சுற்றி நடப்பதற்கு எந்தச் சட்டமும் விதி எழுதி வைக்கவில்லை. நாளிதழ் ஒன்று, படிக்க வந்தவர்கள் ஏழு பேர். ஓய்வு பெற்றவர் ஒருவர் முழுத் தாளையும் கையில் வைத்துக்கொண்டு வரிவிளம்பரம் வரை படிப்பார். வேலை தேடும் இளைஞருக்கு அதே தாளில் ஒரே ஒரு பக்கம் போதும். அதட்டி வாங்கிக் கொடுத்தால் பெரியவர் மறுநாள் வரமாட்டார், சும்மா இருந்தால் இளைஞர் வரமாட்டார். அனுபவமுள்ள நூலகர் காலையிலேயே தாளைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்துவிடுகிறார். முதல் தாள் பெரியவருக்குப் போய்விடும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையில் இடம் பிடித்தால் மாலை வரை எழுந்திருக்காத ஊர்களில் தகராறு நாற்காலிக்கு வரும். நாற்காலி யாருக்கு என்பதைத் தேர்வர்களையே பேசி முடிவு செய்யச் சொன்ன இடங்களில், நூலகர் ஒட்டிய அறிவிப்பைவிட அவர்களே போட்டுக்கொண்ட ஒழுங்கு நாள்பட நிற்கிறது.

நூலகப் பணியின் உயிர் இதைவிட மெல்லிய ஓரிடத்தில் இருக்கிறது. அது வாசகர் கேட்கும் கேள்வி. வந்தவர் தமக்கு வேண்டியதை அப்படியே கேட்பது அபூர்வம். “சட்டப் புத்தகம் இருக்கா?” என்பார் ஒருவர். நூலகர் கையை நீட்டி ஒரு தடித்த புத்தகத்தைக் காட்டினால் அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுப் போய்விடுவார். “எதுக்குங்க ஐயா வேணும்?” என்று கேட்டால், இறந்துபோன தகப்பனார் பெயரிலிருக்கும் பட்டாவை மாற்ற வேண்டும், எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரியவில்லை என்பது வெளியே வரும். அவருக்குத் தேவை புத்தகமே அல்ல, விண்ணப்பம் கொடுக்கும் இடம். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பொது அறிவுப் புத்தகம் கேட்பாள். நாளை பேச்சுப் போட்டி என்பதைச் சொல்ல வெட்கப்படுவாள்.

இங்கே வேண்டிய திறமை, கூடுதலாக ஒரு கேள்வி கேட்பது. ஒன்று மட்டும்தான். மூன்றாவது கேள்விக்கு வந்தவர் விசாரணைக்கு ஆளானவர்போல் சுருங்கிவிடுவார். மருத்துவம், கடன், கல்யாணம் பற்றிய புத்தகங்களைத் தேடுகிறவரிடம் அந்த ஒரு கேள்வியைக்கூட நிறுத்திக்கொண்டு அலமாரியை மட்டும் காட்டிவிட்டு நகர்வது நல்லது. எங்கே கேட்பது, எங்கே கேட்காமலிருப்பது என்ற இந்த நிதானத்தை எந்தப் பயிற்சி வகுப்பும் கற்றுத் தருவதில்லை. நாளுக்கு முப்பது முகங்களைப் பார்த்துத் தப்பும் சரியுமாகக் கேட்டுப் பழகித்தான் அது வருகிறது. பின்னாளில் மாவட்ட அளவில் பொறுப்பேற்கும் நூலகர்கள், தம் கீழ் வேலை செய்பவர் “கொஞ்சம் லீவு வேணும் சார்” என்று வந்து நிற்கும்போது கேட்பதும் இதே பழக்கத்தால்தான். விடுப்புக் கேட்பவருக்கு வேண்டியது சில சமயம் விடுப்பு அல்ல, இடமாற்றம்; சில சமயம் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள்.

ஊரைச் சேர்த்துக்கொள்ளும் வேலை ஒன்று உண்டு. 1000 ரூபாய் செலுத்துபவரைப் புரவலராகச் சேர்க்கும் திட்டமும் வாசகர் வட்டமும் அதற்கான வாசல்கள். மரக்கடைக்காரர் அலமாரி செய்து தருவார், ஓய்வு பெற்ற ஆசிரியை சனிக்கிழமை கதை சொல்ல வருவார். நூலகர் மேடையின் ஓரத்தில் நின்று நன்றி சொல்பவராக இருக்கும் வரை வட்டம் விரியும். வட்டத் தலைவரின் பிறந்தநாள் விழாவே ஆண்டு நிகழ்ச்சியாகிவிட்ட ஊர்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

கடைசியாக இருப்புச் சரிபார்ப்பு. வரவுப் பதிவேட்டில் உள்ள எண்ணையும் அலமாரியில் உள்ள புத்தகத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். இல்லாததற்கு நூலகர் பதில் சொல்ல வேண்டும். திறந்த அலமாரி கேட்ட நம்பிக்கையும் பதிவேடு கேட்கும் கணக்கும் மோதிக்கொள்ளும் இடம் இதுதான். பயந்தவர் நல்ல புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். கணக்கு நேராகும், புத்தகம் தூசி தின்னும். துணிந்தவர் சில தலைப்புகளை இழந்து, ஒவ்வொன்றும் எப்படிப் போனது என்று எழுதி வைப்பார். இரண்டாமவரைக் காப்பாற்ற மேலதிகாரி ஒருவர் இருந்தால்தான் முதலாமவரும் மெல்லப் பூட்டைத் திறக்கத் துணிவார்.

இடமாற்றம் வரும்போது பதிவேடுகளும் சாவியும் கைமாறும். பட்டியலில் இருவரும் கையெழுத்திடுவார்கள். பட்டியலில் ஏறாத மீதி, மறுநாள் காலை புதியவர் வந்து நாளிதழை மடிப்புக் கலையாமல் மேசையில் வைக்கும்போது வெளியே வரும். தாளைப் பிரித்து வைக்க வேண்டும், முதல் பக்கம் யாருக்கு, ஜன்னலோர நாற்காலி எத்தனை மணி வரை எந்தப் பையனுக்கு என்பதையெல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பவர்களே அவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.