போகச் சொல்கிறார்கள், எங்கே போவது?

(அன்புவழிபுரத்தில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் லயத்தையும் கொழுந்தையும் பற்றித்தான் பேசப் போகிறேன். இங்கே இருக்கிற பல வீடுகளின் பெரியவர்கள் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்கள். சொந்தபந்தம் இன்னும் மேலே இருக்கிறது. மேலே பெய்கிற மழையும் கடைசியில் உங்களிடம்தான் வருகிறது. அட்டன், நுவரெலியா மலைகளில் விழுகிற தண்ணீர் மகாவலியில் சேர்ந்து, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இதைக் கண்ணால் கண்டோம். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலை சரிந்தது. இங்கே மூதூர்ப் பக்கம் வெள்ளம். நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆனால் நான் 2014ஐ நினைவுபடுத்த வேண்டும். அந்த வருடம் ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. "சொன்னோம், அவர்கள் போகவில்லை" என்று பிறகு பேசினார்கள். கேட்கிறேன், எங்கே போவது? லயமும் தோட்டத்துடையது, நிற்கிற மண்ணும் தோட்டத்துடையது. வேலையை விட்டால் வீடு இல்லை, வீட்டை விட்டால் வேலை இல்லை. இரண்டு வருடம் கழித்துப் பூனாகலையில் 75 வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். ஆட்கள் செத்த பிறகு கிடைத்த காணி, சாவதற்கு முன்னால் ஏன் கிடைக்கவில்லை?

அதனால்தான் 7 பேர்ச்சஸ் காணியைச் சலுகையாகப் பார்க்காதீர்கள் என்கிறேன். உறுதிப் பத்திரத்தோடு, மண்சரிவுப் பரிசோதனை முடித்த இடத்தில் கிடைக்கிற காணி உயிரைக் காக்கிற ஏற்பாடு. 7 பேர்ச்சஸ் போதுமா என்றால், போதாது. இரண்டு மரக்கறிப் பாத்தியும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்தால் ஆட்டுக்கு இடமில்லை. அதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது கொழுந்து. வெயில் நீண்டால் தேயிலை துளிர்க்காது. அக்கா மலைக்குப் போய் நாள் முழுக்க நின்றாலும் சொன்ன கிலோ வராது. மாலையில் தராசைப் பார்த்து அரைப்பேர் போடுகிறார்கள். மழை பெய்யாத குற்றத்துக்குப் பெண்ணின் சம்பளத்தில் வெட்டு. வறட்சி நாட்களில் கிலோவைக் குறைக்க வேண்டும், வந்த நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும் என்பதைச் சம்பளப் பேச்சில் ஒரு தனிக் கோரிக்கையாக வைக்கப் போகிறோம். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது. துரைமார் தேயிலைக்கு மாறிக்கொண்டார்கள். நம்மவர்களுடைய லயம் மட்டும் மாறவில்லை.

மலையைத் தாங்குகிற வேலைகளும் இருக்கின்றன. பழைய காலத்தில் வருடா வருடம் கான் வெட்டித் துப்புரவாக்குவார்கள். மழைத்தண்ணீர் கான் வழியாக நிதானமாக இறங்கும். இப்போது பல தோட்டங்களில் அதற்கு ஆள் போடுவதில்லை. கான் தூர்ந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிச் சரிவை இளக்கிவிடும். நிழல் மரத்தை விறகுக்கும் பலகைக்கும் வெட்டிவிட்டு மீண்டும் நடாமல் விடுவதும் அப்படித்தான். கான் வெட்டுவதும் மரம் நடுவதும் பேர் போட்டுச் செய்ய வேண்டிய வேலை. அதைச் சிரமதானமாக நம் தலையில் கட்ட விடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நான் வாத்தியார், சொல்லாமல் இருக்க முடியாது. அடி தட்டையான, பக்கம் நேரான ஒரு போத்தலை வெட்டவெளியில் வையுங்கள். காலையில் அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை அளந்தால், அதுதான் மழை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் கவனமாக இருக்க வேண்டும். 100 என்றால் அடையாள அட்டை, மருந்து, உடுப்பு எல்லாம் பையில் இருக்க வேண்டும். 150 ஆனாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 ஆனாலோ, யாரும் சொல்லும் வரை நிற்கக் கூடாது. நிலத்தில் புது வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்றுத்தண்ணீர் திடீரெனக் கலங்குதல், கதவு நிலையில் இறுகிப் பூட்ட முடியாமல் போதல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வெளியேற வேண்டும். மேலே இருக்கும் பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும் இன்றிரவே தொலைபேசியில் இதைச் சொல்லுங்கள்.

வாசலில் ஒரு படிவம் இருக்கிறது. உங்கள் உறவினர் இருக்கிற தோட்டம், டிவிசன், லயத்தின் நம்பர், பின்பக்கம் சரிவு இருக்கிறதா, முன்பு எச்சரிக்கைக் கடிதம் வந்ததா என்று எழுதித் தாருங்கள். மாவட்டச் செயலகத்துக்குக் கொடுக்கிற மனுவோடு அந்தப் பட்டியலையும் இணைக்கப் போகிறோம். எழுத முடியாதவர்கள் என்னிடம் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.