அஞ்சி ஒதுங்கியதால் முற்றிய நோய்கள்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். அந்நாட்களில் நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் நெஞ்சு கனப்பதாக நம்மிடம் தொலைபேசியில் கூறினார். மருத்துவமனைக்குச் சென்றால் கொரோனா தொற்றிவிடும், தனியறையில் வைத்து விடுவார்கள் என்று அஞ்சினார். நாமும், "இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்" என்றே சொன்னோம். மூன்றாம் நாள் அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தினோம். அவரைக் கொண்டு சென்றது கொரோனா அன்று, மாரடைப்பு. நாம் சொன்ன அந்த ஒரு சொல் இன்றும் நம் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. அதனாலேயே இன்று இதைப் பேசுகிறோம்.

கொள்ளை நோய் பரவும்போது மருத்துவமனைக்குச் செல்லும் வழி இரு பக்கமும் அடைபடுகிறது. ஒரு பக்கம், படுக்கைகளும் மருத்துவர்களும் அந்த ஒரு நோய்க்கே ஒதுக்கப்படுகின்றனர், அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் தள்ளி வைக்கப்படுகின்றன, பேருந்தும் ஓடுவதில்லை. மறுபக்கம், திறந்திருக்கும் வாசலையும் மிதிக்க மக்கள் அஞ்சுகின்றனர். 2020இல் பல நாடுகளில் மாரடைப்புடன் மருத்துவமனைக்கு வந்தோர் தொகை குறைந்தது. நோய் குறைந்ததாலன்று, பலர் வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டனர்.

காசநோயைப் பாருங்கள். 2019இல் இந்தியாவில் ஏறத்தாழ 24 லட்சம் பேருக்கு அந்நோய் கண்டறியப்பட்டுப் பதிவானது. 2020இல் அது சுமார் 18 லட்சமாகக் குறைந்தது. சளியைச் சோதிக்கும் கருவிகளும் பணியாளர்களும் கொரோனாப் பரிசோதனைக்குத் திருப்பப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். கண்டறியப்படாதவர் இருமிக்கொண்டே தம் வீட்டாருக்கும் நோயைப் பரப்புகிறார். உலக அளவில் அதே ஆண்டு 2.3 கோடிக் குழந்தைகள் அடிப்படைத் தடுப்பூசிகளை முழுமையாகப் பெறவில்லை. இது முந்தைய ஆண்டைவிட 37 லட்சம் அதிகம்.

இது கொரோனாவுடன் தோன்றியதன்று. 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா 11,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மருத்துவப் பணியாளர்களே இறப்பதைக் கண்ட மக்கள் மருத்துவமனைகளை அஞ்சி ஒதுங்கினர். கர்ப்பிணிகள் வீட்டிலேயே பிரசவித்தனர். மலேரியாக் காய்ச்சல் சிகிச்சையின்றி முற்றியது.

ஆயினும் நன்மையும் விளைந்தது. தொலைபேசி வழியே மருத்துவர் ஆலோசனை கூறுவதற்கான நெறிமுறைகளை இந்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. நோயாளி வர இயலாதபோது மருத்துவம் அவரைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதே அதன் பாடம்.

இனியொரு கொள்ளை நோய் வந்தால் நாம் செய்ய வேண்டியவை யாவை? நாள்தோறும் மருந்து உண்போர், கர்ப்பிணிகள், தனித்து வாழும் முதியோர் ஆகியோரின் பட்டியலை ஜமாஅத் இன்றே எழுதி வைக்கட்டும். அவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்க ஒவ்வொரு தெருவிலும் இரண்டு இளைஞர்கள் பொறுப்பேற்கட்டும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கை கால் செயலிழத்தல், பிரசவ வலி ஆகியவற்றுக்குப் பொறுத்துப் பார்க்கும் பேச்சே கூடாது. உடனே 108ஐ அழையுங்கள். இரு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதியுங்கள். குழந்தையின் தடுப்பூசி தவறியிருந்தால், காலம் கடந்துவிட்டதென்று விட்டுவிடாமல் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். தொற்றுக்கு அஞ்சி முகக்கவசம் அணிவது அறிவு. தொற்றுக்கு அஞ்சி மருத்துவரையே விட்டு ஓடுவது அறிவன்று. இனி எவரேனும் நம்மிடம் கேட்டால், "பொறுத்துப் பாருங்கள்" என்று சொல்ல மாட்டோம். "புறப்படுங்கள், நாமும் உடன் வருகிறோம்" என்போம், இன்ஷா அல்லாஹ்.