சாவி கொடுத்துட்டா ஊர் ஆயிடுமா?

(ஐ.டி. விங் பயிலரங்கில் நம் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)

மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்ல, நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

கண்ணகி நகர்ல 15 ஆயிரம் வீட்டுக்கு மேல. பெரும்பாக்கத்துல 20 ஆயிரத்துக்கு மேல. 1970-ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சப்போ, மக்கள் இருக்கிற இடத்துலயே மாடி வீடு கட்டித் தர்றதுதான் முக்கியமான நோக்கம். 2000-த்துக்கு அப்புறம் ஆத்தங்கரையில இருந்தவங்களை இருபது, இருபத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் குடியமர்த்தினாங்க. 2021-ல பேரும் மாறிச்சு: நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். வாழ்விடம்! வீடுங்கிறதை விட பெரிய வார்த்தை அது.

2019 டிசம்பர்ல தீவுத்திடல் பக்கம் சத்தியவாணி முத்து நகர் வீடுகளை இடிக்க ஆரம்பிச்சாங்க. பள்ளிக்கூட வருஷத்தோட நடுவுல. பிள்ளைக்கு ஸ்கூல் இங்க, வீடு பெரும்பாக்கத்துல. அந்த வருஷப் படிப்பு என்ன ஆகும்னு சொல்லணுமா?

நான் படிச்சது இன்ஜினியரிங். அதனால லிஃப்ட்டைப் பத்திக் கொஞ்சம் பேசிக்கிறேன். பெரும்பாக்கத்துல எட்டு அடுக்கு கட்டடம். லிஃப்ட் நின்னா, முழு சிலிண்டர் இரும்போட சேர்த்து கிட்டத்தட்ட முப்பது கிலோ, அதைத் தோள்ல வச்சு படி ஏறணும். வயசானவங்க கீழ இறங்குறதையே விட்டுடுவாங்க. லிஃப்ட், தண்ணி மோட்டார், கழிவுநீர்க் குழாய், எல்லாத்துக்கும் மாசாமாசம் பராமரிப்புக் காசு வேணும். குடியிருப்போர் சங்கம் வசூல் பண்ணா அரசும் சமபங்கு போடும்னு 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டம் 2021-ல வந்துச்சு. நல்ல திட்டம்தான். ஆனா சிந்தாதிரிப்பேட்டையில நாலு வீட்டுல வேலை பார்த்த அக்கா, தூரத்தால ரெண்டு வீட்டை விட்டுட்டா, பராமரிப்புப் பணம் எங்கிருந்து வரும்? வேலை போனா வசூல் நிக்கும், வசூல் நின்னா லிஃப்ட் நிக்கும். இதை மக்களோட அலட்சியம்னு சொல்றவங்க மேல எனக்கு நிஜமாவே கோபம் வருது.

பெண்களுக்குக் கட்டணமில்லா பஸ் 2021 மே மாசம் வந்தது பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன். டிக்கெட் காசு மிச்சம். போக வர ஆகிற நேரத்தை யார் தருவா?

சோலார் பேனல், மழைநீர் சேகரிப்பு எல்லாம் இருக்கட்டும், வேணாம்னு சொல்லல. அதை வச்சே பசுமைக் குடியிருப்புன்னு போர்டு மாட்டாதீங்க. சதுப்பு நிலத்துக்குப் பக்கத்துல கட்டிட்டு வெள்ளம் வருதேன்னு ஆச்சரியப்படவும் வேணாம்.

நாம கேட்க வேண்டியது இதுதான். முடிஞ்ச இடத்துலயெல்லாம் அங்கேயே கட்டு. தரமாவும் கட்டு, புளியந்தோப்பு கே.பி. பார்க்ல கை வச்சா பூச்சு உதிர்ந்ததை 2021-ல ஊரே பார்த்துச்சு. மாத்தியே ஆகணும்னா ஸ்கூல், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், விடிகாலை பஸ் எல்லாம் ஓட ஆரம்பிச்ச பிறகு சாவியைக் கொடு. மாத்துறதை மே மாசத்துல மட்டும் வை.

வாரியக் குடியிருப்புல இருக்கிற சொந்தங்களே, கமென்ட்ல மூணு விஷயம் போடுங்க: எந்தப் பகுதி, போன மாசம் எத்தனை நாள் லிஃப்ட் ஓடல, முதல் பஸ் எத்தனை மணிக்கு. பேர், போன் நம்பர் வேண்டாம். தொகுத்து மனுவா கொடுக்கிற வேலையை நாங்க பார்த்துக்கிறோம்.