யூ.எஸ்.பி. கேபிள்: முகம் ஒன்று, உள்ளே வேறு



சில வருஷம் முன்னால் ஒரு நூற்பாலையில் நைட் ஷிப்டில் இயந்திரம் நின்றுபோச்சு. லேப்டாப்பையும் பி.எல்.சி.யையும் மினி யூ.எஸ்.பி. கேபிளால் இணைத்தேன், தொடர்பே கிடைக்கவில்லை. டிரைவரை மூணு தடவை அழித்துப் போட்டேன். இரண்டு மணி நேரம் போச்சு. ஃபிட்டர் அண்ணாச்சி டிராயரில் கிடந்த பழைய கேமரா கேபிளை எடுத்து நீட்டினார். உடனே பேசியது!

யூ.எஸ்.பி. 2.0 கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு, தகவலுக்கு இரண்டு என நான்கு கம்பிகள் வேண்டும். நான் கொண்டுபோனது சார்ஜ் செய்ய மட்டுமே ஆனது. தகவல் கம்பிகளே கிடையாது. வெளியே பார்த்தால் தெரியவா போகுது?

பிரிண்டருக்குப் போகும் சதுர 'பி', மினி, மைக்ரோ எல்லாம் முனையைப் பார்த்தே சொல்லிவிடலாம். 2014-இல் வந்த டைப்-சி எப்படிச் செருகினாலும் போகும், சௌகரியம்தான். குழப்பமும் அங்கேதான். போனோடு வரும் சி கேபிள் பலவும் வினாடிக்கு 480 மெகாபிட்தான்; அதே தோற்றத்தில் இன்னொன்று 40 கிகாபிட் தாங்கும். மின்சாரமும் அப்படியே. சாதாரண சி கேபிளில் 3 ஆம்பியர். 5 ஆம்பியர் போக, முனைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கணும். இல்லாவிட்டால் சார்ஜர் 3-க்கு மேல் தராது. லேப்டாப் மெதுவாக ஏறினால் சார்ஜரைத் திட்டாதீங்க, முதலில் கேபிளை மாற்றிப் பாருங்க.

என் பையில் இப்போதும் அந்த சார்ஜ் கேபிள் இருக்கு, சிவப்பு டேப் சுற்றி.