கடையில் கேட்டு வாங்க வேண்டிய மாத்திரை
(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது)



சேமிப்பு, கடன், வசூல் பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. நான் மெடிக்கல் ஷாப்பைப் பற்றிப் பேசப் போறேன். சிரிக்காதீங்க.

குடும்பக் கட்டுப்பாடுன்னா நமக்கு ஆபரேஷன்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 100-க்கு சுமார் 58 பேர் ஆபரேஷன் செய்தவர்கள். ஆம்பளைங்களுக்கு அது இன்னும் சுலபமான ஆபரேஷன்; அவங்க போறதில்லை, அது வேற கதை. ஆனா கல்யாணமான புதுசுல, முதல் பிள்ளைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல என்ன பண்றது?

1968-ல் அரசாங்கம் நிரோத் திட்டத்தைத் தொடங்கியபோது ஆஸ்பத்திரியை மட்டும் நம்பவில்லை. டீத்தூள், சோப்பு விற்கிற கம்பெனிகள் வழியாகக் கடைகளுக்கு அனுப்பியது. மூன்று உறை 15 காசு. நர்ஸம்மா போக முடியாத ஊருக்கும் டீத்தூள் போயிடும் இல்லையா!

ஆனா கடைக்காரர் வாங்கி வெச்சாத்தான் நமக்குக் கிடைக்கும். அவசர கருத்தடை மாத்திரையையே எடுத்துக்குங்க. உறை கிழிஞ்சுடுச்சு, இல்ல பாதுகாப்பு இல்லாம இருந்துட்டோம்னா, 72 மணி நேரத்துக்குள்ள ஒரு மாத்திரை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டாக்டர் சீட்டு வேண்டாம்னு 2005-லயே சொல்லியாச்சு. ஆனாலும் நம்ம மாநிலத்துல பல கடைகளில் வைக்கிறதே இல்லை. போன வருஷம் நான் டவுன்ல மூணு கடை ஏறி இறங்கினேன். ஒருத்தர், "கருக்கலைப்பு மாத்திரையெல்லாம் விக்கிறதில்லம்மா"ன்னு பத்துப் பேர் முன்னாடி சத்தமா சொன்னார்.

அது கலைக்கிற மாத்திரை இல்லை. கருமுட்டை வெளியே வர்றதைத் தள்ளிப்போடுது, அவ்வளவுதான். ஏற்கெனவே தங்கின கருவை இது ஒண்ணும் செய்யாது. கலைக்கிற மாத்திரை வேற. அதை டாக்டர் பார்த்துத்தான் தரணும். இதையும் மாசா மாசம் நம்பி இருக்கக் கூடாது. தீட்டு ஒரு வாரத்துக்கு மேல தள்ளிப்போனா பரிசோதனை செஞ்சுடுங்க.

காப்பர்-டி, மாத்திரை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அவசர மாத்திரையும் அங்க கேளுங்க. ஆனா சனிக்கிழமை ராத்திரி ஆகிப்போச்சுன்னா? திங்கட்கிழமை வரைக்கும் காத்திருந்தா பாதி நேரம் போயிடும். அப்போ திறந்திருக்கிறது கடைதான். அதனாலதான் கடையை விட முடியாதுங்கிறேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வர்றப்ப, உங்க பக்கத்துக் கடையில இருக்கா இல்லையான்னு கேட்டுட்டு வாங்க. கூச்சமா இருந்தா ரெண்டு பேராப் போங்க. அட்டையில போட்டிருக்கிற விலையையும் பார்த்துக்குங்க. எழுத நான் நோட்டு கொண்டு வரேன்.