வகுப்பறையில் விளையும் அறிவுக்குக் கூலி உண்டா?

 

நினைவுச் சொற்பொழிவை ஒருவர் நிகழ்த்துவதுதான் வழக்கம். இந்த ஆண்டு ஐயாவிடம் படித்த எங்களில் நால்வரைப் பேசச் சொன்னார்கள். நால்வரும் உட்கார்ந்து எழுதி, ஒருவர் வாசிக்கிறோம். எங்களில் இருவர் கௌரவ விரிவுரையாளர்கள், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் இயக்க வேலையில் இருப்பவர். ஐயாவின் பெயர் அழைப்பிதழில் இருக்கிறது. வகுப்பில் நாங்கள் அதைச் சொல்லி அழைத்ததில்லை, இங்கும் ஐயா என்றே சொல்கிறோம்.

ஐயா ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் நடத்தினார். ஓய்வு பெறும்வரை பேராசிரியர் பதவிக்கு வரவில்லை. அவர் விட்டுப்போனவை பத்தொன்பது குறிப்பேடுகள். நூறு பக்க, கோடு போட்ட, மளிகைக் கடையில் கிடைக்கிற நோட்டு. அவற்றில் அவர் கவிதை எழுதவில்லை. எந்தப் பாடத்தை எந்த மாணவர் எந்த இடத்தில் விட்டார், ஏன் விட்டார், மறுநாள் தான் என்ன மாற்றினார், அது பலித்ததா என்று இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறோம். பருவத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும்போது, சேரியிலிருந்து வந்த மாணவர்களில் பெரும்பாலோர் யாப்பிலக்கணக் கேள்வியைத் தொடவே இல்லை என்று பார்க்கிறார். சக ஆசிரியர்கள் வழக்கமான பதிலைச் சொன்னார்கள்: வீட்டில் படிப்புச் சூழல் இல்லை, அக்கறை இல்லை. ஐயா ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். மூத்த மாணவர்கள் எழுதிய யாப்புக் குறிப்பு ஒன்று ஊர்ப்பக்க வீடுகளில் கைமாறி வந்திருக்கிறது. அப்படியொன்று இருப்பதே சேரி மாணவர்களுக்குத் தெரியாது. அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்ற வெட்கத்தோடு படித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் நான்கு நான்கு பேராகப் பிரித்து உட்காரவைத்தார். அசை பிரிக்கப் பறையடியைப் பயன்படுத்தினார்: ஒற்றைக் கொட்டு நேர், இரட்டைக் கொட்டு நிரை. நல்ல யோசனைதான். ஆனால் ஒரு மாணவர் எழுந்து, "எங்களை இங்கயும் பறையடிக்கச் சொல்றீங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டார். அன்றைய குறிப்பில் அந்த ஒரு வரிக்குக் கீழே, "அவன் கேட்டது சரி" என்று மட்டும் இருக்கிறது. அடுத்த வாரம் வகுப்பில் இருந்த அத்தனை பேரும், எந்தத் தெருக்காரராக இருந்தாலும், மேசையைத் தட்டி அசை பிரித்தார்கள். அந்தப் பருவத்தில் யாப்புக் கேள்வியை விட்டவர்கள் மூன்றே பேர்.

இது ஆராய்ச்சி இல்லையா? ஒரு பிரச்சினையைக் காண்கிறார், நிலவும் விளக்கத்தைச் சோதிக்கிறார், அது பொய் என்று கண்டு வேறொன்றை வைக்கிறார், செய்துபார்க்கிறார், தவறுகிறார், திருத்துகிறார், பதிவும் செய்கிறார். இதைக் கட்டுரையாக்கி ஓர் இதழுக்கு அனுப்பியபோது, இது அனுபவக் குறிப்பே தவிர ஆய்வு அல்ல என்று திரும்பி வந்தது. பணி மேம்பாட்டுக் கோப்பில் பத்தொன்பது நோட்டுக்கும் சேர்த்துப் பூஜ்யம்.

ஏறக்குறைய இதே வேலையை அமெரிக்காவில் ஒருவர் செய்தார். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆய்வு மாணவர், நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு தோற்கிறார்கள் என்று கேட்டார். ஆசிரியர்கள் சொன்ன பதில்கள் நமக்கும் பழக்கமானவை: ஊக்கம் போதாது, அடிப்படை போதாது, குடும்ப ஆதரவு போதாது, வறுமை. டிரைஸ்மன் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன அமெரிக்க மாணவர்களையும் ஒன்றரை ஆண்டு பின்தொடர்ந்து, அவர்கள் எங்கே, யாரோடு, எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். நான்கு பதில்களும் நிற்கவில்லை. சீன மாணவர்கள் கூடி உட்கார்ந்து கணக்குகளை ஒப்பிட்டார்கள், பழைய வினாத்தாள்களைப் பகிர்ந்தார்கள், தாங்கள் எந்த நிலையில் நிற்கிறோம் என்று அறிந்திருந்தார்கள். கறுப்பின மாணவர்கள் உழைத்தார்கள், ஆனால் தனியாக உழைத்தார்கள். அவர் அவர்களைக் குழுக்களாகக் கூட்டி, எளிய கணக்குகளை அல்ல, கடினமான கணக்குகளைக் கொடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயரில் 'பின்தங்கியோர்' என்ற வாசனையே கிடையாது, சிறந்த மாணவர்களுக்கான வகுப்பு என்றே நடத்தினார். தேர்ச்சி கணிசமாக உயர்ந்தது. நம் ஊரில் மானியக் குழு பணம் கொடுத்த குறைதீர் பயிற்சி வகுப்புகளை நினைத்துப் பாருங்கள். பட்டியலை எடுத்து, எஸ்சி எஸ்டி மாணவர்கள் மட்டும் நான்கு மணிக்கு இருங்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பார்கள். அந்த நான்கு மணிக்குப் போகாமல் ஒளிந்தவர்களில் எங்களில் ஒருவரும் உண்டு.

டிரைஸ்மனுக்கு உலகப் புகழ் கிடைத்தது. ஐயாவுக்குக் கிடைக்கவில்லை என்பது அல்ல எங்கள் வருத்தம். அந்த அறிவு அவருடைய அலமாரியிலேயே நின்றுவிட்டது. பக்கத்து அறையில் பாடம் நடத்தியவருக்குக்கூட அது போய்ச் சேரவில்லை. அதற்குத் துறையில் இடமில்லை, நேரமில்லை, காசில்லை.

காசு எங்கே போகிறது? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளில் ஆசிரியரின் கற்பித்தலை மதிப்பிட ஓர் அட்டவணை இருக்கிறது. ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தால் 'நன்று'. 70 முதல் 80 வரை 'திருப்தி'. அதற்குக் கீழே 'திருப்தியில்லை'. அவ்வளவுதான். வகுப்புக்குப் போனாரா என்று கேட்கிறது, போய் என்ன செய்தார் என்று கேட்கவில்லை. ஆய்வு மதிப்பெண் அட்டவணையிலோ மொழி, கலைப் பாடங்களில் ஒரு கட்டுரைக்கு 10. புதிய பாடத்திட்டம் வகுத்தால் 2. புதுமையான கற்பித்தல் முறைக்கு 5. அந்த ஐந்தைப் பெற்ற ஒருவரையும் நாங்கள் இதுவரை சந்திக்கவில்லை. பணம் கட்டி ஒரே வாரத்தில் கட்டுரை அச்சேற்றிப் பத்து வாங்கியவர்களை நிறையச் சந்தித்திருக்கிறோம்.

2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசையும் இப்படித்தான். பல்கலைக்கழகங்களுக்கான கணக்கில் 'கற்பித்தல், கற்றல், வளங்கள்' என்ற தலைப்புக்கு நூற்றுக்கு 30. உள்ளே திறந்து பார்த்தால் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் மாணவர் விகிதம், முனைவர் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர், எவ்வளவு செலவழித்தார்கள். கடைசிப் பெஞ்சு அதில் எங்குமே வராது.

கற்பித்தலும் புலமைதான் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் எர்னஸ்ட் போயர் 1990இல் கண்டறிதல், இணைத்தல், பயன்படுத்துதல், கற்பித்தல் என்று புலமையை நான்காகப் பிரித்தார். ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம் 2000களின் தொடக்கத்தில் ஒரு படி மேலே போய், தன் நிதியில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கியது. ஆசிரியர்கள் உயர்கல்வி கற்பித்தலில் பெற்ற தகுதி, வாங்கிய விருது, கற்பித்தலைப் பற்றி எழுதிய கட்டுரை எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, அதற்கேற்பப் பணம் கொடுத்தது. அதில் எங்களுக்குப் பிடித்தது ஒன்று: பணம் தனி ஆளுக்குப் போகவில்லை, அவர் வேலை செய்கிற இடத்துக்குப் போனது. செப்டம்பர் 5 அன்று மேடையேற்றிச் சால்வை போர்த்தி ஒருவரை அனுப்பிவைக்கிற நம் வழக்கத்தால் பக்கத்து அறை ஆசிரியருக்கு எந்தப் பயனும் இல்லை. பொறாமை வேண்டுமானால் வரும். துறைக்குப் பணம் வந்தால், ஐயாவின் நோட்டைப் படிப்பது எல்லோருடைய வேலையாகும்.

ஆனால் இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. கற்பித்தலைப் பற்றிய கட்டுரைக்குப் புள்ளி என்றால் கட்டுரை பெருகும், வகுப்பறை அப்படியே இருக்கும். இங்கிலாந்தில் 2005 முதல் 2010 வரை 74 கற்பித்தல் சிறப்பு மையங்களுக்கு 31 கோடியே 50 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். நிதி நின்றதும் பல மையங்கள் கலைந்துபோயின.

அப்படியானால் தேர்ச்சி விகிதத்துக்கு ஏற்பக் காசு கொடுக்கலாமே என்று இந்த அவையில் சிலருக்குத் தோன்றலாம். எங்களுக்கும் தோன்றியது. அங்கேதான் ஜோதிராவ் புலே எங்களைத் தடுத்தார். 1882இல் ஹண்டர் கமிஷனுக்கு அவர் கொடுத்த மனுவை, இங்கே இருக்கும் ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை படிக்க வேண்டும். தேர்வு முடிவைப் பார்த்துப் பள்ளிக்கு மானியம் கொடுக்கும் முறை அப்போது நடப்பில் இருந்தது. சென்னை மாகாணத்திலும் இருந்தது. படிப்பின் ருசியே இன்னும் காட்டப்படாத ஏழை மக்களிடையே கல்வியைப் பரப்ப இந்த முறை உதவாது என்று புலே எழுதினார். அப்படிப்பட்ட மக்களிடையே எந்த ஆசிரியரும் தானாகப் பள்ளி திறக்க மாட்டார், ஏனென்றால் அதில் அவருக்குப் பிழைப்பு நடக்காது என்றார். அரசே பள்ளி நடத்த வேண்டும் என்றார்.

இன்றைய மொழியில் வைத்துப் பாருங்கள். முடிவுக்குக் காசு என்றால், ஏற்கெனவே தேர்ச்சி பெறக்கூடிய பிள்ளைகளைச் சேர்க்கிற கல்லூரி கொழுக்கும். அரியரோடு போராடும் முதல் தலைமுறைப் பிள்ளைகளை வைத்திருக்கும் துறை மேலும் காயும். அடுத்த ஆண்டு அந்தத் துறையே நம் பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்கும். அல்லது இன்டர்னல் மார்க்கை அள்ளிப் போட்டுக் கணக்குக் காட்டும். இரண்டையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதனால் எங்கள் கோரிக்கை இப்படி நிற்கிறது. துறைக்குக் கற்பித்தல் நிதி முன்கூட்டியே வர வேண்டும். பரிசாக அல்ல, வேலைக்கான செலவாக. முதல் தலைமுறை மாணவர் அதிகம் உள்ள துறைக்கு அதிகம் வர வேண்டும். பதிலுக்குத் துறை ஆண்டுக்கு ஒருமுறை, எந்தப் பாடத்தில் யார் விடுபட்டார்கள், என்ன செய்து பார்த்தோம், எது தோற்றது என்று எழுதி, அதை மாணவர்கள் முன் வாசிக்க வேண்டும். தோற்றதை எழுதியதற்காக நிதியைக் குறைக்கக் கூடாது. அந்த அறிக்கை ஒரு கட்டுரைக்கு நிகராக அதை எழுதியவர்களின் பணி மேம்பாட்டில் ஏற வேண்டும். இந்தப் பணத்தை எஸ்சி துணைத்திட்டத்திலிருந்து எடுக்கலாம் என்று யாராவது அதிகாரி சொல்வார். அதற்கு முன்கூட்டியே மறுப்பைப் பதிவு செய்துவிடுகிறோம். பாலம் கட்டவும் சாலை போடவும் அந்தப் பணம் போன கதை போதும்.

இன்னொன்று. நம் அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளில் பெரும்பங்கை யார் எடுக்கிறார்கள்? கௌரவ விரிவுரையாளர்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று 2019இல் மானியக் குழு சொன்னது. எங்களுக்கு வருவது அதில் பாதியைத் தாண்டவில்லை. கல்லூரி திறக்கும்போது வேலை இருக்குமா என்று தெரியாதவர் இருபத்தைந்து ஆண்டுக் குறிப்பேடு எப்படி எழுதுவார்? கற்பித்தலுக்கு நிதி என்ற பேச்சு நிரந்தரப் பணியிடங்களை நிரப்புவதிலிருந்து தொடங்காவிட்டால், அது இன்னொரு சால்வைதான்.

ஆய்வையும் கற்பித்தலையும் பிரிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆராய்ச்சி மேல்தட்டுக்கு, பாடம் நடத்துவது நமக்கு என்ற புதிய வர்ணம் அப்படித்தான் வரும். பாபாசாகேப் அம்பேத்கர் 1918 முதல் 1920 வரை பம்பாயின் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவர். ஆசிரியர் அறைப் பானையிலிருந்து அவர் தண்ணீர் எடுப்பதற்குச் சக பேராசிரியர்கள் முணுமுணுத்த அதே கல்லூரியில், வெளிக் கல்லூரி மாணவர்கள் அவருடைய வகுப்பைக் கேட்க வந்து உட்கார்ந்தார்கள். பிறகு 1925இல் பம்பாய்ப் பல்கலைக்கழகச் சீர்திருத்தக் குழுவுக்கு எழுதிக் கொடுத்த பதிலில், இளங்கலையை முதுகலையிலிருந்து பிரிப்பது கற்பித்தலை ஆராய்ச்சியிலிருந்து பிரிப்பதாகும், அதனால் இரண்டுமே கெடும் என்று வாதிட்டார். ஐயா அந்தப் பகுதியை ஐந்தாவது நோட்டின் உள்ளட்டையில் தமிழில் பெயர்த்து எழுதிவைத்திருக்கிறார்.

நன்னூல் நடத்தும்போது ஐயா செய்த ஒன்று நினைவுக்கு வருகிறது. அதில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று உவமித்து வகை பிரித்திருக்கும். அந்த இடத்தில் பின்பெஞ்சைப் பார்த்துச் சிரிக்காத ஆசிரியர் குறைவு. ஐயா ஓட்டைக்குடத்தில் நின்று, "ஓட்டை போட்டது யார்னு பவணந்தி சொல்லல, நீங்க சொல்லுங்க" என்பார். மணி அடித்த பிறகும் அந்த விவாதம் முடியாது.

குறிப்பேடுகள் பத்தொன்பதும் வாசலருகே மேசையில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் புரட்டிப் பாருங்கள். அமைப்பின் சார்பில் அவற்றைத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டோம். மாணவர் பெயர் வரும் இடங்களில் அவர்களைக் கேட்காமல் அச்சிட மாட்டோம். ஏழாவது நோட்டில் நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு கரையான் அரித்திருக்கிறது. அது உரைநடை வகுப்பில் எல்லோரையும் அவரவர் ஊர்ப் பேச்சில் எழுதச் சொன்ன ஆண்டு. அந்த ஆண்டு படித்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், உங்கள் பழைய நோட்டைத் தேடிப்பார்த்து எங்களிடம் சொல்லுங்கள்.