கடலடிப் புல்லும் கரைவாழ் மக்களும்

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

புல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றதும் முன்வரிசையில் மில் தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். வயல் தோழர்கள் சிரிக்கமாட்டார்கள். ஊர் மேய்ச்சல் புறம்போக்கைப் பெரிய மனிதர் ஒருவர் வளைத்துப் போட்டால் யார் வீட்டு ஆடு பட்டினி கிடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நமது தூத்துக்குடிக் கடலுக்கடியிலும் அப்படியொரு மேய்ச்சல் நிலம் இருக்கிறது. அதுதான் கடற்புல்.

இதைப் பாசி என்று எண்ணிவிடாதீர்கள். பாசிக்கு வேர் கிடையாது. கடற்புல்லோ மண்ணுக்குள் தண்டு ஓடி, வேர்விட்டு, தண்ணீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் செடி. வெயில் எட்டுகிற ஆழத்தில்தான் வளரும். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள தீவுகளைச் சுற்றிப் பத்துக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. வெட்டிவேர் கரையைப் பிடித்து வைப்பதுபோல் இது கடல் மணலைப் பிடித்து வைக்கிறது, அலையின் வேகத்தைத் தணிக்கிறது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் அதில் ஒளிந்து வளர்கின்றன. ஓரா மீன் மேய்கிறது, பேராமை மேய்கிறது. ஆவுளியா என்னும் கடற்பசு நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் தின்னும். புல் அழிந்தால் முதலில் வலை காலியாவது கரையோரம் தொழில் செய்யும் வள்ளக்காரருக்குத்தான்.

மில் தோழர்களுக்கும் ஒரு செய்தி. புகைபோக்கிகள் கக்கும் கரியில் ஒரு பகுதியைக் கடல் உறிஞ்சுகிறது. உலகக் கடலடிப் பரப்பில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லாத இந்தப் புல்வெளிகள், கடல் மண்ணில் ஆண்டுதோறும் புதையும் கரியில் சுமார் பத்தில் ஒரு பங்கைப் புதைத்து வைப்பதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். 

டென்மார்க்கின் லேசோ தீவில் கடற்புல்லால் கூரை வேய்ந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன. மெத்தையில் அடைத்தார்கள், எருவாகவும் போட்டார்கள். அப்படியானால் பறித்து விற்கலாமே என்று கணக்குப் போடும் புத்திசாலிகள் நாளை வருவார்கள். கரை ஒதுங்கியதை எடுப்பது வேறு. வேரோடு பறிப்பது விதைநெல்லைக் குத்தித் தின்பதாகும்.

இதை அழிப்பது எது? கடலடியை வாரிச் செல்லும் விசைப்படகு இழுவைமடி முதன்மையானது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கலாகாது என்று 1983-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மடி இறங்கும் இடத்தில் சட்டம் ஏன் கண்ணயர்கிறது? விசைப்படகில் கூலிக்குப் போகும் தோழனை நாம் ஏசவில்லை. எங்கே மடி இறக்குவது என்று தீர்மானிப்பவன் அவனல்ல. இனி, நகரத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் சாம்பலும் தண்ணீரைக் கலக்குகின்றன. வெயில் எட்டாத புல் சாகிறது. முன்பு பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டிடத்துக்கும் விற்றார்கள். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் கடலுக்குள் போயின.

1986-ல் இங்கே கடல்வாழ் தேசியப் பூங்கா அமைத்தார்கள். காக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்ணை விரட்டுகிற கெடுபிடியில் பாதியாவது படகு முதலாளியிடமும் காட்டப்பட வேண்டாமா?

அழிந்தது திரும்புமா என்று கேட்கிறீர்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா கரையோரத்தில் 1930-களில் நோயும், 1933-ல் புயலும் புல்லை அடியோடு துடைத்தன. அதை நம்பியிருந்த சிப்பித் தொழில் மடிந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் வெறும் சேறு. பிறகு 1999 முதல் விதை தூவினார்கள், 7 கோடிக்கு மேல். இருநூற்றுச் சொச்சம் ஹெக்டேரில் தூவியது 3,600 ஹெக்டேராகப் பரவியது. சிப்பியையும் மறுபடி கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? தூத்துக்குடியிலேயே சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் நல்ல புல்வெளியிலிருந்து நாற்றுப்போல எடுத்து, அழிந்த இடத்தில் நட்டு வேர்பிடிக்க வைத்திருக்கிறார்கள். நடவு, தோழர்களே! உங்கள் தொழில்தான், தண்ணீர் மட்டும் கொஞ்சம் ஆழம்.

இந்த நடவுக்கு ஆள் வேண்டும். இங்கே முத்துக்குளிப்பு 1961-ோடு நின்றது. சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள், கடலடியின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அறிந்தவர்கள். அவர்களையும் பாசி எடுக்கும் பெண்களையும் நியாயமான தினக்கூலிக்கு இந்த வேலையில் அமர்த்த வேண்டும், மூன்று மைல் எல்லையைக் கண்காணிக்கும் குழுவில் வள்ளக்காரரைச் சேர்க்க வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். மேடைக்கு அருகில் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் கையெழுத்திட்டுப் போங்கள், கைநாட்டும் செல்லும்.